ஓய்வு பெற்றது யார்?

சென்ற முறை பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை அவர்களின் தாத்தா பாட்டிமாரைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்.

தோட்டத்தில் ஓய்வு என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டாம். மழை பெய்தால் வேலை உண்டா இல்லையா என்று வானத்தைப் பார்க்க வேண்டாம். சேமநிதியை 55 வயதில் எடுக்கலாம். 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து தனியார் துறையிலும் ஓய்வு வயது 60-க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த வயது வந்ததும் ஒரு விருந்து, ஒரு சால்வை, பிறகு லயத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது. இவ்வளவும் வேலைக்குப் போனவருக்கு. அதே வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டிவிட்டு, பிறகு பால்வெட்டுக்கும் போய்வந்தாரே ஓர் அம்மா, அவருக்கு அடுப்பிலிருந்து ஓய்வு எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. 2020-ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்று வந்து நாட்டையே வீட்டுக்குள் அடைத்தபோது என் வீட்டு எதிர்வாசலில் பார்த்தது இது.

நான் படிப்பிக்கும் பள்ளி இருக்கும் தோட்டம் தென் கெடாவில் உள்ளது. குடியிருப்பது பக்கத்துச் சிறு பட்டணத்தில், மலிவு விலை வீடுகள் உள்ள ஒரு தாமானில். எதிர் வீட்டுக்காரர்கள் எங்கள் தோட்டத்திலிருந்தே வந்தவர்கள். பிள்ளைகள் முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் மாமா, அவர் மனைவி அத்தை. மாமா 34 ஆண்டு டிராக்டர் ஓட்டியவர். 2018-இல் 60 வயதாகி ஓய்வு பெற்றார். அத்தை கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, 16 வயதிலேயே உளி பிடித்து, திருமணமாகி இங்கு வந்தும் பால்வெட்டிலேயே நின்று, 55 வயதில் முழங்கால் வலியோடு வேலையை விட்டவர். பிள்ளைகள் இருவரும் பினாங்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார்கள்.

மாமாவின் ஓய்வு வாழ்க்கை 2020 மார்ச் வரை ஒழுங்காகவே நடந்தது. காலையில் பசியாறிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். கோப்பிக் கடை, கோயில் மண்டபம், பழைய கூட்டாளிகள். பகல் சோற்றுக்கு வருவார், ஒரு தூக்கம், மறுபடி கிளம்புவார். வீடு என்பது அவருக்குச் சாப்பிடவும் படுக்கவும் ஓர் இடம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தோட்டங்களில் வேலை நிற்கவில்லை; செம்பனை அத்தியாவசியத் துறை என்று அனுமதித்துவிட்டார்கள். ஆகவே இதைப் படிக்கும் உங்களில் பலர் அப்போதும் குலை வெட்டப் போய்க்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். ஆனால் பள்ளி மூடியது, கோயில் மூடியது, கோப்பிக் கடையில் நாற்காலிகள் கவிழ்ந்தன. சாமான் வாங்கக் குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும் போகலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள் என்றார்கள்.

அரசாங்கத்தின் கணக்கில் குடும்பத் தலைவர் மாமா. பசாருக்குப் போய்ப் பழக்கப்பட்டவர் அத்தை. இதில் நடந்த கூத்தை நாடு முழுவதும் பார்த்தோம். ஆண்கள் கையில் சீட்டோடு காய்கறிக் குவியலின் முன் நின்று, கைப்பேசியில் மனைவியிடம் வழி கேட்டார்கள். மாமா முதல் நாள் கொத்தமல்லிக்குப் பதில் டாவுன் சோப் வாங்கி வந்தார். இரண்டாம் நாள் கெம்போங் மீன் கேட்டால், கண் கலங்கிப்போன மீனாகப் பார்த்து வாங்கி வந்தார். அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் காட்டினார்.

"பாருங்க டீச்சர், 40 வருசமா தின்ன மீனு. முகம் தெரியல இவருக்கு."

முதல் வாரம் சிரிப்பு. இரண்டாவது வாரம் சண்டை. நாள் முழுதும் வீட்டில் இருக்கும் ஆணுக்கு வேலை இல்லாவிட்டால் மண்டோர் வேலை வந்துவிடுகிறது. அரிசியை ஏன் மூன்று தடவை கழுவுகிறாய், விளக்கை ஏன் அணைக்கவில்லை, துணியை ஏன் இந்தப் பக்கம் காயப் போட்டாய். மாலை ஐந்து மணிக்குச் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியில் அன்றைய எண்ணிக்கையைச் சொல்ல வருவார். அந்த நேரம் மட்டும் வீடு அமைதி. மற்ற நேரமெல்லாம் அத்தையின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போனது எனக்குக் கேட்டது.

மூன்றாம் வாரத்தில்தான் அந்தக் கணக்கு நடந்தது. டிராக்டர் ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை நடை குலை ஏற்றினோம் என்று குறித்து வைப்பார்கள்; குறிக்காவிட்டால் காசு குறையும். வேலையில்லாத ஒரு நாள் மாமா கூடத்தில் உட்கார்ந்து, அத்தை அடுப்படியிலிருந்து பின்பக்கக் குழாய்க்குப் போய் வருவதைச் சும்மா எண்ணத் தொடங்கினார். பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் கோடு கோடாகப் போட்டிருக்கிறார். காலை முதல் இரவு வரை 41 நடை. ஒவ்வொரு நடைக்கும் படி ஒன்று இறங்கி, ஏறி, தரையில் குந்தி, எழுந்து. அதுவும் முழங்கால் வலிக்காரர்.

ஏன் பின்பக்கக் குழாய்? சமையலறையில் தண்ணீர்த் தொட்டிக்கு என்று விட்ட இடத்தில் மாமாவின் பழைய டிராக்டர் சாமான் பெட்டிகள் இருந்தன. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருந்தன. அத்தை இரண்டு ஆண்டாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். லயத்து வீட்டில் குந்திக் கழுவியவர்தானே, இங்கும் கழுவட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அன்றிரவு இருவருக்கும் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன.

ஏப்ரல் நடுவில் இரும்புச் சாமான் கடைகளுக்கு அனுமதி கிடைத்தது. அரசாங்கத்தின் பரிவுமிக்க உதவித் தொகையில், மாதம் 4,000 வெள்ளிக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பங்களுக்கு ஏப்ரலில் 1,000 வெள்ளியும் மே மாதத்தில் 600 வெள்ளியும் கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். எதிர் வீட்டில் ஏப்ரல் பணம் அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் மருந்துக்கும் போயிற்று. மே பணம் சமையலறைக்கு என்று முடிவாயிற்று. மாமா செங்கல் வைத்து, பழைய கட்டில் பலகையை அறுத்து, நின்றபடி சமைக்கவும் கழுவவும் ஒரு மேடை கட்டினார். பிளாஸ்டிக் குழாய் போட்டுத் தண்ணீரை உள்ளே கொண்டுவந்தார். 600 வெள்ளிக்குள் வேலை முடிந்தது, கூலி அவருடையதே என்பதால்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் வீடுகளில் மேடை கட்டினால் கொத்தனார் தன் உயரத்துக்கு அல்லது கடையில் விற்கும் அளவுக்குக் கட்டிவிடுவார்; அது 34, 36 அங்குலம் இருக்கும். அத்தை 4 அடி 10 அங்குலம். அந்த உயரத்தில் அவர் தோளைத் தூக்கிக்கொண்டுதான் காய் நறுக்க வேண்டும். மாமா அத்தையை வீட்டுச் செருப்போடு நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நான்கு அங்குலம் கழித்தார். 32 அங்குலம் வந்தது. நீங்களும் மேடை கட்டுவதாக இருந்தால் இப்படி அளந்து கட்டுங்கள். சமைக்கிறவரின் கையை அளந்து கட்டுங்கள்.

அடுத்து குளியலறை. வயதானவர்கள் ஈரத் தரையில் வழுக்கி விழக்கூடும். மாமா ஒரு துத்தநாகப் பூச்சுக் குழாயை வளைத்துக் கைப்பிடியாகச் சுவரில் பொருத்தினார். செங்கல்லுக்குள் ஆழமாகத் துளையிட்டு ஆணி முடுக்கியது. காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கைப்பிடிகள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை முழு உடல் பாரத்தைத் தாங்குமென்று நம்பி யாரும் மாட்டாதீர்கள். தரையில் வழுக்காமலிருக்கச் சிமெண்டைச் சொரசொரப்பாகப் பூசினார்.

பிறகு தோட்டம். வேலியோரம் கங்கோங், தண்டுக்கீரை, வெண்டை, பயிற்றங்காய். கீரை ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும்; வெண்டைக்கு ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும். தண்ணீர் பிடித்து வைத்த வாளிகளை அத்தை தினமும் கவிழ்த்து வைப்பார். கோவிட்டைப் பார்த்துப் பயந்துகொண்டே டிங்கிக் கொசுவை வளர்த்த வீடுகளும் எங்கள் தாமானில் இருந்தன. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

மேடை வந்ததும் மாமா சமைக்கத் தொடங்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். அது பல மாதம் ஆயிற்று. முதலில் பாத்திரம் கழுவினார். நின்றபடி கழுவலாம் என்றால் ஆண்களுக்குக் கூச்சம் குறைந்துவிடுகிறது போலும். குந்தி உட்கார்ந்து கழுவுவதை வெளியே யாராவது பார்த்துவிடுவார்கள். பிறகு கோப்பி கலக்கினார். பிறகு ஞாயிற்றுக்கிழமை சம்பல். அத்தை காலை பத்து மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து மின்னல் எஃப்எம் கேட்பதை நான் முதன்முதலாக அந்த ஆண்டுதான் பார்த்தேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனத்தில் இவ்வளவு நாளும் நிற்பது அதுதான்.

அத்தைக்கு ஓர் அக்காள், ஏழு வயது மூத்தவர், கோலசிலாங்கூரில் மகன் வீட்டில் இருந்தார். தாய் இல்லாத வீட்டில் தங்கையைத் தூக்கி வளர்த்தவர். சகோதரிகள் பார்த்துக்கொள்வதெல்லாம் கல்யாணத்தில், கருமாதியில். கடைசியாகப் பார்த்தது 2014-இல். "ஓய்வு பெற்றதும் போகலாம்" என்று மாமா சொல்லி வந்தார். ஓய்வு பெற்றபின் "அடுத்த வருசம்" என்றார். கையிலிருந்த சேமநிதிப் பணத்தை மருத்துவச் செலவுக்கென்று இறுக்கிப் பிடித்திருந்தார். அது நியாயமான பயம்தான். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு மாதாமாதம் வரும் பென்ஷன் கிடையாது, எடுத்தது குறைந்துகொண்டேதான் போகும்.

2020 ஜூன் 10-ஆம் தேதி மீட்புநிலைக் கட்டுப்பாடு தொடங்கி, மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதித்தார்கள். அத்தை ஒரு நாள் மேடையருகே நின்றுகொண்டே கேட்டாராம்: "என் நடையை எண்ணினீங்களே, அக்காகிட்ட ஒரு நடை கூட்டிட்டுப் போவீங்களா?" மாமா என் வீட்டுக்கு வந்து ரயில் டிக்கெட் எப்படி வாங்குவது என்று கேட்டார்.

ஆகஸ்டில் போனார்கள். அந்த மாதம் முதல் தேதியிலிருந்து பொதுப் போக்குவரத்திலும் கூட்டமான இடங்களிலும் முகக்கவசம் கட்டாயம்; தவறினால் 1,000 வெள்ளி தண்டம். 15-ஆம் தேதி முதல் கவசத்தின் உச்ச விலை 1 வெள்ளி 20 காசு என்று அரசாங்கம் குறைத்தது. அதற்காகவே மாமா பயணத்தை அந்தத் தேதிக்குப் பின்னால் தள்ளிவைத்தார். பாடாங் பெசார் வரை 2015 முதல் ஓடும் மின்ரயிலில் சுங்கைப்பட்டாணியில் ஏறி, சுங்கை பூலோவில் இறங்கினார்கள். 60 வயதானவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். நிலையத்தில் காய்ச்சல் பார்த்தார்கள், மைசெஜாத்ராவில் பதியச் சொன்னார்கள். அக்காள் மகன் காடியோடு காத்திருந்தார்.

ஐந்து நாள் தங்கினார்கள். அதில் ஒரு மாலை மலாவத்தி குன்றுக்குப் போய், பழைய பீரங்கிகளையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்து, குரங்குகளிடம் அத்தை கடலைப் பொட்டலத்தைப் பறிகொடுத்தார். ஒரு காலை பிறந்த தோட்டத்துக்குப் போனார்கள். பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயங்கள் இருந்த இடம் புல் மேடு. கோயில் மட்டும் சாயம் பூசி நன்றாக இருந்தது. சகோதரிகள் இருவரும் லயம் எங்கே தொடங்கியது, குழாய் எங்கே இருந்தது என்று அரை மணி நேரம் வாதாடினார்களாம். மற்ற நேரமெல்லாம் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து பேச்சு. "என்ன பேசினீங்க அத்தை?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல டீச்சர். எல்லாம் பழசுதான்" என்றார். மொத்தச் செலவு 380 வெள்ளி. மாமா அதையும் நாள்காட்டித் தாளில் எழுதி வைத்திருந்தார்.

நவம்பர் 14-இல் தீபாவளி வந்தபோது மறுபடி கெடுபிடி. டிசம்பர் 7-இல் திறந்தார்கள், 2021 ஜனவரி 13-இல் மாநில எல்லைகள் திரும்பவும் மூடின. ஜூன் முதல் தேதி முழு அடைப்பு. இங்கே மாமாவும் அத்தையும் அந்த மாதம் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அங்கே சிலாங்கூரின் பெரும்பகுதியில் ஜூலை 3 முதல் 16 வரை மேலும் கடுமையான கட்டுப்பாடு. அந்த நாட்களில்தான் அக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆறாம் நாள் தவறிவிட்டார். 68 வயது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மகனும் இன்னொருவரும் மட்டும் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். "சின்னம்மா, வராதீங்க, வந்தாலும் பார்க்க முடியாது" என்று மகனே சொல்லிவிட்டார். அவர் கைப்பேசியில் காட்டியதை எதிர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் வாசலில் நின்றேன்; உள்ளே போகக்கூடாத காலம். படம் இரண்டு முறை நின்று நின்று வந்தது. முடிந்ததும் மாமா எழுந்து போய், அத்தைக்குத் தலையில் ஊற்ற வெந்நீர் போட்டார். பதினாறு நாளும் அடுப்பு அவர் கையில். சோறு குழைந்ததோ, ரசத்தில் உப்பு கூடியதோ, அத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

பிறகு ஒரு நாள் வேலியோரம் வெண்டை பறித்துக்கொண்டே என்னிடம் அத்தை சொன்னார்: "அஞ்சு நாளு முழுசாப் பார்த்துட்டேன் டீச்சர். அடுத்த வருசம்னு சொல்லாம கூட்டிட்டுப் போனாரே." மாமா அப்போது பின்னால் வாளி கவிழ்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ என்னவோ.

பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டு முடித்ததும், 2021 அக்டோபர் 11-இல் மாநில எல்லைகள் திறந்தன. டிசம்பரில் இருவரும் கோலசிலாங்கூருக்குப் போய், படத்துக்கு மாலை போட்டு வந்தார்கள்.

இதைப் படிக்கும் வீடுகளில் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ 60 வயதாகப் போகிறவர்கள் இருப்பார்கள். விருந்துக்கு எத்தனை ஆடு என்று பேசும்போதே, வீட்டு அம்மாவின் சமையலறையில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து நடையை எண்ணிப் பாருங்கள். பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாமார்களே, நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அவர் கழுவிய தட்டை அவர் எதிரிலேயே மறுபடி எடுத்துக் கழுவாதீர்கள். அத்தையிடம் அந்தக் குணம் இருந்தது, மாமா இரண்டு முறை கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

இப்போது எதிர் வீட்டில் ஆண்டுக்கு ஒரு பயணம் என்று வைத்திருக்கிறார்கள். தைப்பிங் ஏரித் தோட்டம் ஆயிற்று. பத்துகாஜாவில் உள்ள கெல்லி மாளிகை ஆயிற்று. அடுத்தது பத்துமலை. மேலே 272 படி. முழங்கால் தாங்காது, கீழே நின்று கும்பிட்டால் போதும் என்கிறார்கள் பிள்ளைகள். அத்தை கேட்பதாக இல்லை. மாமா நாள்காட்டித் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, எத்தனை படிக்கு ஒரு தடவை உட்காரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.